தேக்கு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேக்கு எதையும் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை. அதனாலேயே வேறு மரத்தில் செய்யத் துணியாததை எல்லாம் புதிதாகப் பழகுபவர்கள் தேக்கில் செய்து பார்க்கிறார்கள். அளவு தப்புவது, ஆணி வளைவது போன்றவை அடித்த நிமிடமே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். கீழே உள்ளவை மாதங்கள் கழித்துப் பல்லிளிப்பவை.

வெள்ளையைச் சேர்ப்பது

வெள்ளை என்றால் பட்டையை ஒட்டிய வெளிர் மரம். அதைச் சேர்க்காதீர்கள். பூச்சி எளிதில் அண்டாது என்ற பேர் வைரத்துக்கு, அதாவது உள்ளே இருக்கும் கருத்த மரத்துக்கு மட்டும்தான். வெள்ளைப் பகுதிக்குச் சாயம் பூசினால் உங்கள் கண் ஏமாறும், வண்டு ஏமாறாது.

மேசைப் பலகையை இறுக்கிப் பூட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. "தேக்குதானே, அசையாது" என்று சொல்லிவிட்டு, சட்டத்தின் நான்கு பக்கமும் பசை தடவி, போதாததற்கு ஸ்க்ரூவும் இறக்கிவிடுவார்கள்.

தேக்கு குறைவாக அசையும், அவ்வளவுதான். பச்சை மரம் முழுக்கக் காயும்போது ஆர வாக்கில் (நடுவிலிருந்து பட்டையை நோக்கி) சுமார் 2.5 சதவீதமும், வளர்ச்சி வளையத்தை ஒட்டிய வாக்கில் சுமார் 5.5 சதவீதமும் சுருங்குகிறது. சாதாரணமாக அறுத்த பலகையில் அகலம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வாக்கில்தான் விழும். 600 மி.மீ. அகல மேசைப் பலகை 18 சதவீத ஈரத்திலிருந்து 12 சதவீதத்துக்கு இறங்கினால் ஏறக்குறைய 7 மி.மீ. குறுகும். நீளத்தில் அசைவு கணக்கில் வராது. அதாவது, குறுக்குச் சட்டம் தன் நீளத்தில் அப்படியே நிற்கும், மேலே உள்ள பலகை 7 மி.மீ. உள்ளே போகப் பார்க்கும். ஸ்க்ரூ விடாது. அப்புறம் என்ன, பலகை கிழியும்.

அப்படி ஒரு மேசை என்னிடம் பழுதுபார்க்க வந்தது. விரிசல் ஓரத்து ஸ்க்ரூவில் ஆரம்பித்து, நார் போன வழியே பாதி மேசை வரை ஓடியிருந்தது. செய்தவர் வறட்சிக் காலத்தில் அதைப் பார்த்துவிட்டு, மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, மேலே வார்னிஷும் போட்டிருக்கிறார். ஈரக் காலம் வந்ததும் பலகை விரிந்து, அடைப்பை மேலே பிதுக்கிவிட்டது. விரலை வைத்தால் ஒரு வரப்பு மாதிரித் தட்டுப்பட்டது. மறுபடி காய்ந்தபோது பக்கத்திலேயே இன்னொரு விரிசல். "மட்ட மரத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று அவருக்கு மரத்தின் மேல்தான் கோபம். மரம் நல்ல வைரம். அந்த அகலத்தில் இன்னொரு பலகை கிடைப்பது லேசா?

செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. நடுவில் மட்டும் ஒரு ஸ்க்ரூவை இறுக்குங்கள். மற்ற இடங்களில் அகல வாக்கில் நீள்துளை போட்டு, வாஷரோடு அளவாகத் திருகுங்கள். அல்லது சட்டத்தின் உட்புறம் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, அதில் நழுவும் மரக்கட்டைகளால் பலகையைப் பிடியுங்கள். பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் பசை வேண்டவே வேண்டாம். வார்னிஷ் ஈரத்தைத் தடுத்துவிடும் என்று நினைக்காதீர்கள், தாமதப்படுத்தும், அவ்வளவே. அதையும் மேல்பக்கம் மட்டும் பூசிவிட்டு அடிப்பக்கத்தைச் சும்மா விட்டால், இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் ஈரம் வாங்கி பலகை குழியும்.

வேலைக்கு முன்னால் ஈரப்பத மீட்டரை வைத்துப் பாருங்கள். 'சூளையில் உலர்த்தியது' என்ற விற்பவர் வார்த்தை மீட்டருக்கு ஈடாகாது. உலர்ந்து வந்த பலகையும், திறந்த கொட்டகையில் கிடந்தால் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

இன்று இழைத்து நாளை ஒட்டுவது

தேக்கின் எண்ணெய்ப் பசை அதைக் காக்கிறது, ஒட்டைக் கெடுக்கிறது. இழைத்த முகத்தில் நேரம் ஆக ஆக எண்ணெய் மேலே வரும். பிரிந்த ஒட்டைப் பார்த்தாலே காரணம் தெரியும். பசை ஏடு முழுசாக உரிந்து வரும், அதில் ஒரு நார்கூட ஒட்டியிருக்காது. இழைத்த கையோடு ஒட்டிவிடுங்கள். முடியாவிட்டால் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் ஒட்டுங்கள். கழுந்துக்கும் (துளையில் செருகும் மரமுனை) இதே விதி. ஈரம் படும் சாமானுக்கு எபாக்சி பசை நல்லது.

வார்னிஷ் காயாமல் பிசுபிசுப்பதும் இந்த எண்ணெயால்தான். முதல் பூச்சாக மெழுகு நீக்கிய அரக்குப் பாலிஷ் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மழுங்கிய ரம்பம்

தேக்கில் சிலிக்கா உண்டு, சில மரங்களில் எடையில் 1.4 சதவீதம் வரைகூட. மரம் கைக்கு மென்மையாகத் தெரியும், சாதா எஃகு முனையோ சீக்கிரம் போய்விடும். கார்பைடு முனை போடுங்கள். மழுங்கிய முனை நாரை அறுக்காமல் தேய்த்துப் பளபளப்பாக்கும். அந்தப் பளபளப்பிலும் பசை பிடிக்காது.

தூசி

முகமூடி போடுங்கள். சிலருக்குத் தோலில் அரிப்பு, சிலருக்கு மூச்சிரைப்பு.

முதல் நாளே சாயம் பூசுவது

புதிதாக இழைத்த தேக்கு திட்டுத்திட்டாக, லேசாகப் பச்சை கலந்துகூடத் தெரியும். பயந்துபோய் சாயத்தைத் தேடாதீர்கள். வெளிச்சம் பட்டால் சில வாரங்களில் திட்டுகள் அடங்கி, பொன்பழுப்பாக மாறும். அதுவரை பலகை மேல் எதையும் வைத்துவிடாதீர்கள். மறைந்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும்.