புலி, ஆடு, புல்லுக்கட்டைக் கணினிக்குச் சொல்லிக் கொடுப்பது எப்படி

களுவாஞ்சிகுடியில் உயர்தர மாணவர்களுக்குக் கணினி படிப்பிக்கிறேன். செயற்கை நுண்ணறிவில் 'தேடல்' என்றால் என்ன என்று யாராவது கேட்டால், பலகையில் புலி, ஆடு, புல்லுக்கட்டுக் கணக்கைத்தான் எழுதுவேன். ஐரோப்பாவில் இது ஓநாய், ஆடு, கோவா (முட்டைக்கோஸ்). 9ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியிலேயே இருக்கிறது. எங்களுக்கு ஆற்றுக்குப் பதில் வாவி. இக்கரை குருமண்வெளி, அக்கரை மண்டூர். ஓர் ஆள் மூன்றையும் அக்கரை சேர்க்க வேண்டும். தோணியில் ஆளோடு ஒன்றைத்தான் ஏற்றலாம். ஆள் இல்லாத கரையில் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும்.

நிரல் எழுதும் பைதனை இப்போதே திறக்க வேண்டாம். முதலில் 'நிலை' எது என்று முடிவெடுங்கள். இதுவரை நடந்ததைக் கேட்காமல் ஆட்டத்தைத் தொடர எவையெல்லாம் தெரிய வேண்டுமோ, அவை மட்டும்தான் நிலை. பெடியள் தோணிக்கும் ஓர் இலக்கம் கொடுப்பார்கள். தேவையில்லை, ஆள் நிற்கும் கரையில்தான் தோணியும் நிற்கும். ஆகவே நான்கே இலக்கம்: ஆள், புலி, ஆடு, புல். குருமண்வெளி 0, மண்டூர் 1. தொடக்கம் 0000, இலக்கு 1111.

மொத்தம் 16 நிலைகள். ஆட்டோடு புலியோ புல்லோ ஒரு கரையிலும் ஆள் மறுகரையிலும் நிற்கிற 6ஐ வெட்டிவிட்டால் 10 மிஞ்சும். நகர்வு என்பது ஆளின் இலக்கத்தை மாற்றுவது. விரும்பினால் அவன் நின்ற கரையிலிருந்த இன்னொன்றின் இலக்கத்தையும் சேர்த்து மாற்றலாம்.

இனித் தேடல். ஒரு வரிசையில் 0000ஐப் போடுங்கள். முன்னால் நிற்பதை எடுத்து, அதிலிருந்து போகக்கூடிய நிலைகளைப் பின்னால் சேருங்கள். ஏற்கனவே பார்த்த நிலையைச் சேர்க்காதீர்கள், இல்லாவிட்டால் ஆட்டை ஏற்றி இறக்கியே பொழுது போய்விடும். எது எதிலிருந்து வந்தது என்றும் குறித்து வையுங்கள். 1111 வந்ததும் அதைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் வழி கிடைக்கும். இப்படி முறைவைத்துத் தேடினால் முதலில் அகப்படுவதே மிகக் குறுகிய வழி, 7 பயணம்:

0000, 1010, 0010, 1110, 0100, 1101, 0101, 1111.

0100ஐப் பாருங்கள். மண்டூரில் இறக்கிய ஆடு மறுகா குருமண்வெளிக்கு வருகிறது. ஆட்கள் முட்டுப்படுவது இங்கேதான். கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவர மனம் வராது. கணினிக்கு அந்தக் கூச்சம் கிடையாது. (1110க்குப் பதில் 1011 வழியாகப் புல்லை முதலில் கொண்டுபோனாலும் 7தான்.)

சரி, அடுத்து 3 மிஷனரிமார், 3 நரமாமிசம் தின்போர், 2 பேர் ஏறும் தோணி என்ற கணக்கை எடுங்கள். எந்தக் கரையிலும் மிஷனரிமார் இருந்தால் மற்றவர்கள் அவர்களைவிடக் கூடக் கூடாது. இதில் தோணிக்கு நிரந்தர ஓட்டி இல்லாததால், அது நிற்கும் கரையையும் நிலையில் எழுதியே ஆக வேண்டும்: தொடக்கக் கரையில் 3 மிஷனரிமார், 3 தின்போர், 1 தோணி என்றால் (3, 3, 1). நகர்வையும் தடையையும் மாற்றி எழுதுங்கள். தேடும் நிரலில் ஒரு வரியும் மாறாது; 11 பயணத்தில் விடை வரும்.