குழந்தைங்களோட கலாபகோஸ் க்ரூஸா? முதல்ல படகைப் பாருங்க

தென் அமெரிக்காவுல ஈக்வடார் நாட்டோட கலாபகோஸ் தீவுகளுக்குப் போறதுன்னு முடிவு பண்ணின உடனே எல்லாரும் ஃப்ளைட் தேட ஆரம்பிச்சிடுவாங்க, ஆனா குழந்தைங்களோட போறவங்க முதல்ல படகைத் தான் பார்க்கணும். அங்க நிலத்துல கிட்டத்தட்ட 97 சதவீதம் நேஷனல் பார்க், பெரும்பாலான தீவுல ராத்திரி தங்கவே முடியாது, அதனால ஒரு வாரத்துக்கு அந்தப் படகு தான் வீடு. சில படகுல 6 வயசு, 7 வயசுக்கு கீழ ஏத்தவே மாட்டாங்க, அதைக் கேட்காம அட்வான்ஸ் கட்டிடாதீங்க.

ஒரு கைடோட 16 பேருக்கு மேல போகக்கூடாதுங்கறது பார்க் ரூல், அதனால தான் சின்ன யாட் எல்லாம் 16 பேர் கணக்குல இருக்கும், பெரிய கப்பல்னாலும் 100 பேர் தான். பெரிய கப்பல்ல ஆட்டம் கம்மி, குழந்தைங்களுக்கு விளையாட செட்டும் கிடைக்கும். நாங்க போனது 16 பேர் கட்டமரான், ரெண்டு அடிப்பாகம் இருக்கறதால பக்கவாட்டுல அவ்வளவா ஆடாது. தூரமான தீவுக்கு ராத்திரி தூங்கும்போது தான் ஓட்டுவாங்க, அப்போ தான் வயித்தப் பிரட்டும், அதனால கீழ் தளத்துல படகோட நடுவுல இருக்கற கேபினா கேட்டு வாங்குங்க. மேல் தளம் பார்க்க அழகா இருக்கும், ஆனா ஆட்டமும் அங்க தான் ஜாஸ்தி. குமட்டலுக்கு மாத்திரை வேணும்னா கிளம்பறதுக்கு முன்னாடியே குழந்தைங்க டாக்டர்கிட்ட அளவு கேட்டு வெச்சுக்கோங்க.

அடுத்து ரூட். ஒரே படகு ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள்ள திரும்பப் போகக்கூடாதுன்னு 2012ல இருந்து விதி இருக்கு, ஒரு வாரத்துல எல்லாத் தீவையும் பார்த்துடலாம்னு நினைக்காதீங்க. குழந்தைங்கள உட்கார வெச்சு எந்த மிருகத்தைப் பார்க்க ஆசைன்னு கேளுங்க, அதை வெச்சு ரூட் எடுங்க. பெங்குயின், பறக்காத நீர்க்காகம் வேணும்னா மேற்குல இசபெலா, ஃபெர்னாண்டினா தீவுங்க. ஆல்பட்ரோஸ்ங்கற பெரிய கடல் பறவை வேணும்னா எஸ்பன்யோலா தீவு, அதுவும் ஏப்ரல்ல இருந்து டிசம்பருக்குள்ள தான்.

ஜனவரியில இருந்து மே வரைக்கும் வெயில், நடுவுல மழை, கடல் அமைதியா வெதுவெதுன்னு இருக்கும், சின்னக் குழந்தைங்கன்னா இது தான் நல்ல சீசன். ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் குளிர் நீரோட்டம் வர்றதால அலை ஜாஸ்தி, மேற்குப் பக்கம் தண்ணி 20 டிகிரிக்கு கீழ கூட போகும், ஆனா மீனும் பறவையும் கொண்டாட்டமா இருக்கற நேரமும் அது தான். எப்போ போனாலும் குழந்தைங்க உயரம், எடை சொல்லி கடல்ல இறங்கும்போது குளிர் தாங்கப் போடற வெட்சூட் அந்த சைஸ்ல இருக்கான்னு முன்கூட்டியே கேளுங்க, பெரியவங்க சைஸ் தொளதொளன்னு இருந்தா உள்ள தண்ணி புகுந்து அஞ்சு நிமிஷத்துல நடுங்கிடுவாங்க.

செலவுல ஒண்ணு மறந்துடும். பார்க் கட்டணம் 2024 ஆகஸ்ட்ல ஏத்திட்டாங்க, வெளிநாட்டுக்காரங்களுக்கு 200 டாலர், 12 வயசுக்கு கீழ 100 டாலர், அது போக தீவுக்குப் போக வாங்க வேண்டிய ட்ரான்சிட் கார்டுக்கு ஆளுக்கு 20 டாலர். ஈக்வடார்ல புழக்கமே அமெரிக்க டாலர் தான், கேஷா எடுத்துட்டுப் போங்க. தீவுக்கு ஃப்ளைட் ஏறற ஊர் கீட்டோவோ குவாயாகிலோ, ஏர்போர்ட்லயே பையைச் சோதிப்பாங்க, பழம், விதை எதுவும் வேண்டாம், ஷூ அடியில ஒட்டின மண்ணையும் கழுவிட்டுப் போங்க.

தீவுல இறங்கறதுக்கு பாங்கான்னு ஒரு ரப்பர் படகு. சில இடத்துல பாறையில கால் வைக்கலாம், சில இடத்துல முழங்கால் தண்ணியில குதிக்கணும். உதவுறவர் கையைப் பிடிக்கக்கூடாது, ரெண்டு பேரும் ஒருத்தர் முன்கையை ஒருத்தர் பிடிக்கணும், ஈரக் கை வழுக்கினாலும் அந்தப் பிடி விடாது. இதை வீட்டுலயே விளையாட்டா பழக்கி விட்டுடுங்க.

மிருகங்ககிட்ட இருந்து 2 மீட்டர் தள்ளி நிக்கணும், ஃப்ளாஷ் கூடாது. கஷ்டம் என்னன்னா அதுங்களுக்கு இந்த ரூல் தெரியாது, ஒரு கடல் சிங்கக் குட்டி நேரா வந்து என் பொண்ணு ஷூவ மோந்து பார்த்துது, தொடாம மெதுவா பின்னாடி வாடான்னு சொல்லி கூட்டிட்டு வந்தேன், அவ மூச்சையே பிடிச்சுக்கிட்டு வந்தா. பையன் என்னடான்னா கடல் இகுவானாங்கற பெரிய பல்லி முன்னாடி குந்திட்டான். அது கடல் பாசி தின்னும்போது சேர்ற உப்பை மூக்கு வழியா ச்சூ ச்சூன்னு பீச்சும், அது காஞ்சு தலை பூரா வெள்ளையா பொடி அப்பியிருக்கும். 20 நிமிஷம் அசையல, அடுத்த தும்மல் எப்போ வரும்னு பார்த்துட்டே இருந்தான். அந்த மாதிரி நேரத்துல அவங்கள இழுத்துட்டு ஓடாதீங்க, கைடுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஒரு பெரியவங்க கூடவே நின்னா போதும், ஆனா குரூப் கண்ணுக்குத் தெரியற தூரத்துலயே இருக்கணும்.

திரும்ப பாங்காவுல ஏறும் முன்னாடி பாக்கெட்டைப் பார்த்துடுங்க, அங்க இருந்து கல்லு, சிப்பி எதுவும் எடுத்துட்டு வரக்கூடாது. என் பொண்ணு கைக்குள்ள ஒரு சின்ன சிப்பி இருந்துது, திட்டல, எங்க எடுத்தன்னு மட்டும் கேட்டேன், அவளே ஓடிப் போய் அதே பாறை இடுக்குல வெச்சுட்டு வந்தா.