பழைய ஆங்கிலேயப் பண்ணைவீட்டின் வயதைக் கணிப்பது எப்படி?

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் உள்ள பழைய பண்ணைவீடு ஒன்றின் வயதைக் கணிக்க விரும்புபவர், அதன் முகப்பைப் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது. 18ஆம் நூற்றாண்டில் கையில் காசு சேர்ந்த பண்ணைக்காரர்கள் பலர், பழைய மரச்சட்ட வீட்டின் முன்புறத்தை மட்டும் செங்கல்லால் மூடிப் புதுவீடு போலக் காட்டிக்கொண்டனர். எனவே கைவிளக்கை எடுத்துக்கொண்டு முதலில் கூரைக்கடியில் ஏறுங்கள்.

அங்கே கைமரங்களில் புகைக்கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இடைக்காலத்தில் தென்கிழக்கு இங்கிலாந்தில் கட்டப்பட்ட இத்தகைய வீடுகளின் நடுக்கூடத்துக்கு மச்சு கிடையாது; தரையின் நடுவே தீ எரியும், புகைபோக்கி இல்லாமையால் புகை கூரைவரை எழுந்து இடுக்குகளின் வழியே கசிந்து வெளியேறும். கரி இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு இடையே மட்டும் சீராகப் படிந்து நின்றிருந்தால், அதுவே பழைய கூடம் இருந்த இடம் என்று கொள்ளலாம். மாறாக, கரி பிடித்த மரமும் பிடிக்காத மரமும் ஒழுங்கின்றிக் கலந்திருந்தால், பிற்காலத்தில் பழைய மரங்களைக் கொண்டு கூரையை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்று ஐயுற வேண்டும்.

இந்த அமைப்பைக் கண்ணால் பார்த்துப் பழக, மேற்கு சசெக்ஸின் சிங்கிள்டனில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு இடம்பெயர்க்கப்பட்ட பேலீஃப் பண்ணைவீட்டை விடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. கென்ட்டில் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இவ்வீட்டை, அங்கே நீர்த்தேக்கம் அமைந்தபோது பிரித்தெடுத்து இங்கே மறுபடி நிறுத்தினர். கூடத்தின் ஒரு கோடியில் எதிரெதிரே இரண்டு வாசல்கள், அவற்றுக்கிடையே ஒரு நடை, நடைக்கு அப்பால் இரண்டு சரக்கறைகள். மறுகோடியில் குடும்பத்தாரின் தனியறையும் அதன்மேல் மச்சறையும் உள்ளன. அந்த மறுகோடிப் பகுதி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்க்கப்பட்டது என்பதால், இந்த ஒரு வீட்டுக்கே இரு வேறு வயதுகள்.

அடுத்து, புகைபோக்கியைப் பாருங்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கூடத்துக்குள் செங்கல் புகைபோக்கியை எழுப்பி, குறுக்கே மச்சும் போட்டனர். பல வீடுகளில் அதை நடைக்குள்ளேயே கட்டியதால், வாசற்கதவைத் திறந்ததும் செங்கற்சுவர் எதிரே நிற்கும்.

செங்கல்லின் உயரமும் ஓரளவு உதவும். 1784இல் எண்ணிக்கைப்படி செங்கல்லுக்கு வரி விதிக்கப்பட்டதும் சிலர் பெரிய செங்கற்களை அறுத்தனர். அவ்வரி 1850இல் நீங்கியது. 1696 முதல் 1851 வரை இருந்த சன்னல் வரியால் அடைபட்ட சன்னல்களும் உண்டு, ஆனால் முகப்பின் சமச்சீருக்காகத் தொடக்கத்திலேயே அடைத்துக் கட்டியவையும் உண்டு. விட்டத்தில் வெற்றுத் துளைகளைக் காட்டி, ‘இது கப்பலில் இருந்த மரம்’ என்று வீட்டுக்காரர் சொன்னால் நம்பிவிட வேண்டாம். பெரும்பாலும் அவை அகற்றப்பட்ட தடுப்புச் சுவரின் பொருத்துத் துளைகளே.

துல்லியமான ஆண்டு வேண்டுமானால், மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு அது வெட்டப்பட்ட ஆண்டைக் கண்டறியும் மரவளையக் கணிப்புதான் வழி. ஓக் மரத்தைப் பச்சையாகவே இழைத்துச் சட்டமாக்கியதால், பட்டையோடு ஒட்டிய கடைசி வளையம் கிடைத்தால் வெட்டிய ஆண்டே கட்டிய காலத்தை ஏறக்குறையக் காட்டிவிடும். மாதிரிக்குத் துளையிட வேண்டியிருப்பதால், வீடு பழங்கட்டடங்களுக்கான அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, உள்ளாட்சியின் திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள வீட்டின் தன்மையை அனுமதியின்றி மாற்றுவது குற்றம்.

இறுதியாக மாவட்ட ஆவணக்காப்பகத்துக்குச் செல்லுங்கள். 1836ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வரையப்பட்ட தசமபாக வரி (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குச் செலுத்தும் வரி) வரைபடங்களும் அவற்றோடு சேர்ந்த பட்டியல்களும் நிலத்தின் உடைமையாளரையும் குடியிருந்தவரையும் காட்டும். அதனினும் சுவையானவை, இறந்தவரின் உடைமைகளை அறைவாரியாக எழுதிய 16, 17ஆம் நூற்றாண்டுப் பட்டியல்கள். அவற்றுள் ‘கூடத்துக்கு மேலுள்ள அறை’யில் ஒரு கட்டில் இருந்ததாகக் கண்டால், அந்த ஆண்டுக்குள் கூடத்தின்மேல் மச்சு வந்துவிட்டது என்று குறித்துக்கொள்ளலாம்.