பழைய வீட்டு வயரிங்: பாயிண்டுக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால்

ஆனி மாதம் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் வீட்டுப் புறவாசல் சுவிட்ச் போர்டில் கை வைக்க யாரும் துணிய மாட்டோம். மரப்பலகை போர்டு, அதன் திருகாணியில் விரல் பட்டால் சுருக்கென்று இருக்கும். "லேசாத்தான் அடிக்கி, செருப்பைப் போட்டுக்கிட்டு போடு" என்பார் அம்மா. இப்படியே எத்தனையோ வருஷம் ஓட்டினோம். செங்கோட்டையில் பழைய வீடு வைத்திருக்கிற பாதிப் பேர் வீட்டில் இதுதான் நிலைமை என்பது, நான் வயரிங் வேலையை ஆரம்பித்து நாலு பேரிடம் புலம்பியபோதுதான் தெரிந்தது.

வீடு தாத்தா கட்டியது, ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி ஊர் இந்தப் பக்கம், சென்னை மாநிலத்துக்கு, வந்துவிட்டது, வீட்டுக்குள் இருக்கிற வயர்தான் எந்தக் காலத்தையும் விட்டுக்கொடுக்காமல் அப்படியே இருந்தது. பட்டாசலில் (கூடத்தில்) தேக்குக் கட்டையில் கிளிப் அடித்த ரப்பர் வயர், அடுக்களையில் அப்பா சேர்த்த அலுமினிய வயர், மாடியில் நான் சேர்த்த காப்பர். மூன்றும் ஒன்றோடொன்று எங்கே முறுக்கிச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் நான் செய்த தவறு, எல்லோரும் செய்வதுதான். "இந்த ஒரு போர்டை மட்டும் மாத்திக் கொடுங்க அண்ணாச்சி" என்று ஆளைக் கூப்பிட்டேன். அவர் மரப்பலகையைக் கழற்றி பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் போர்டை வைத்துவிட்டுப் போனார். ஷாக் நின்றது. கரண்ட் கசிவு நிற்கவில்லை, கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். பழைய வீட்டில் கோளாறு தெரிகிற இடமும் கோளாறு இருக்கிற இடமும் பெரும்பாலும் வேறு வேறு. அதனால் எந்த ரிப்பேருக்கு ஆள் வந்தாலும், முதலில் வீடு முழுவதையும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு அரை நாளாகும், அந்த அரை நாளுக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். சும்மா பார்த்துவிட்டுப் போனதற்குக் காசா என்று நமக்கு மனசு வராது. ஆனால் கூலி இல்லை என்றால் அவரும் டெஸ்டரை இரண்டு ஓட்டையில் குத்திப் பார்த்துவிட்டு "பாத்துக்கிடலாம்" என்று கிளம்பிவிடுவார்.

சோதனை என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால் ஏமாற மாட்டோம். மெயினை அணைத்து, பிளக்கில் இருப்பதையெல்லாம் உருவிவிட்டு, 500 வோல்ட் மெக்கர் (வயரின் உறை கரண்டைத் தாங்குகிறதா என்று அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு லைனுக்கும் இன்சுலேஷன் பார்க்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. மெக்கர் கையில் இல்லாதவரிடம் பழைய வீட்டு வேலையைக் கொடுக்காதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. இன்னொன்று, பங்குனி வெயிலில் சுவர் காய்ந்து கிடக்கும்போது அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் காட்டும். முடிந்தால் சாரல் நேரத்தில், சுவர் ஊறிக் கிடக்கும்போது அளக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் உண்மை வெளியே வரும். மச்சுக்கு மேலே ஏறி எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் வயரை லேசாக வளைத்தாலே காய்ந்த முறுக்கு மாதிரி உதிரும், அதில் புது வயரை ஜாயிண்ட் போட்டு ஒட்டவைப்பதெல்லாம் வேலையே இல்லை.

அப்புறம் ரேட்டு. பாயிண்டுக்கு, அதாவது ஒரு லைட்டோ பிளக்கோ வைக்கிற இடத்துக்கு, எவ்வளவு என்று இரண்டு பேரிடம் கேட்டு, குறைவாகச் சொன்னவரைப் பிடிப்பதுதான் வழக்கம். ஆனால் இரண்டு பேரும் பாயிண்ட் என்று சொல்வது ஒரே சாமானா என்று யாரும் கேட்பதில்லை. ஒருவர் அடுக்களை 16 ஆம்ப் பாயிண்டுக்கு டிபி பாக்ஸிலிருந்து (லைன்கள் பிரிகிற பெட்டி) தனி லைன் இழுப்பார். இன்னொருவர் பக்கத்து போர்டிலிருந்து ஒரு துண்டு வயரை லூப் அடித்துவிடுவார். இரண்டும் ஒரு பாயிண்ட்தான்! 2000 வாட்ஸ் இன்டக்ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும், 2000 வாட்ஸ் கீசரும் அதே 9. இரண்டும் ஒரே லைனில் இருந்தால் காலையில் ஒரே நேரத்தில் போடும்போது என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆகவே ரேட்டுக்கு முன்னால் கேட்க வேண்டியது: எத்தனை தனி லைன், எந்த லைனுக்கு எத்தனை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர். லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் பெரிய கீசருக்கும் 4 என்று காகிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். வயரை நீங்களே கூடப் போய் வாங்குவது நல்லது, ஐஎஸ்ஐ முத்திரையும் சீலும் உள்ள 90 மீட்டர் சுருளாக. காசை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் சுவிட்ச் அழகில் பிடியுங்கள், வயரில் வேண்டாம்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. புளியரை தாண்டினால் கேரளா, ஆரியங்காவு, தென்மலை, புனலூர்ப் பக்கமிருந்து நல்ல வேலைக்காரர்கள் வருவார்கள், ஓட்டு வீட்டையும் மழையையும் தெரிந்தவர்கள். எனக்கு உருப்படியாக வேலை செய்து கொடுத்ததும் அந்தப் பக்கத்துச் சேட்டன் ஒருவர்தான். ஆனால் மின் வேலைக்கான உரிமத்தை அந்தந்த மாநிலத்து வாரியம்தான் கொடுக்கிறது. லோடு கூட்டவோ மூன்று பேஸாக மாற்றவோ ஈபி ஆபீசில் விண்ணப்பிக்கிறபோது, காகிதத்தில் கையெழுத்துப் போட இங்கே உரிமம் உள்ள கான்ட்ராக்டர் தேவைப்படலாம். அதை வேலை ஆரம்பிக்கும் முன்பே ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சுவர் பூசி முடித்த பிறகு கேட்டேன், கையெழுத்துக்காக மூன்று வாரம் அலைந்தேன். உரிம அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும். கேட்டால் நல்ல ஆள் கோபப்பட மாட்டார்.

இப்போது எர்த்துக்கு வருகிறேன், இதில்தான் நான் நன்றாக ஏமாந்தேன். பழைய வீடுகள் பலவற்றில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. நான் முதலில் பிடித்த ஆளிடம் "எல்லா பிளக்குக்கும் எர்த் வேணும்" என்றேன். ஒரே நாளில் கொடுத்துவிட்டார். எப்படி? பிளக்குக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) ஒரு சின்ன வயரை எர்த் முனைக்குப் போட்டுவிட்டார். டெஸ்ட் பல்பு வைத்துப் பார்த்தால் பிரமாதமாக எரியும். ஆனால் நியூட்ரல் எங்கேயாவது ஒரு இடத்தில் விட்டுப்போனால், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று அந்த லைனில் உள்ள அத்தனை இரும்பு உடம்பிலும் 230 வோல்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும். எர்த்தே இல்லாமல் இருப்பதைவிட இது மோசம். பின்னால் வந்த சேட்டன் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மெயினை அணைத்தார். அந்த மௌனம் இன்னும் நினைவிருக்கிறது.

நிஜமான எர்த் குழி தோண்டியிருந்தாலும் அது வேலை செய்கிறதா என்று அளக்க வேண்டும். 100 வாட்ஸ் குண்டு பல்பை பேஸ் வயருக்கும் (கரண்ட் வருகிற வயர்) எர்த்துக்கும் இடையில் வைத்து எரிகிறதே என்று காட்டுவார்கள், அதை நம்பாதீர்கள். அந்த பல்பு அரை ஆம்ப்கூட இழுக்காது, எர்த் 50 ஓம் இருந்தாலும் கிட்டத்தட்ட முழு வெளிச்சம் காட்டும். அதே 50 ஓம் எர்த்தில் கீசர் உடம்பில் கரண்ட் இறங்கினால் 4.6 ஆம்ப்தான் ஓடும், 16 ஆம்ப் எம்சிபி (லோடு மிஞ்சினால் தானாக விழுகிற சுவிட்ச்) அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது, கீசர் உடம்பு லைவாகவே நிற்கும். எர்த் டெஸ்டர் வைத்து எத்தனை ஓம் என்று சொல்லச் சொல்லுங்கள், 5-க்குக் கீழே வந்தால் நிம்மதி. கரியும் உப்பும் போட்ட பழைய குழி என்றால் கோடையில் தண்ணீர் ஊற்றவும் மறக்கக் கூடாது.

எம்சிபி போட்டாச்சு, இனி ஷாக் அடிக்காது என்று நினைப்பது அடுத்த தவறு. எம்சிபி காப்பாற்றுவது வயரை. மனுஷனைக் காப்பாற்ற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி வேண்டும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லாவிட்டால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். பழைய வீட்டில் இதை மாட்டினவுடன் பெரும்பாலும் ட்ரிப் ஆகும். ஏனென்றால் அந்தக் காலத்தில் ஒரு லைனின் நியூட்ரலை இன்னொரு லைனுக்குக் கடன் வாங்கியிருப்பார்கள், எங்கோ ஈரத்தில் கசிவும் இருக்கும். அப்போது எலக்ட்ரீஷியன் "இது பழைய வீட்டுக்கு ஒத்துவராது" என்று சொல்லி அதை பைபாஸ் செய்து, பெட்டிக்குள் சும்மா அழகுக்கு நிற்க வைத்துவிட்டுப் போவார். விடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு லைனாகப் பிரித்துத் தேட இரண்டு நாளாயிற்று, கடைசியில் புறவாசல் லைட்டுக்குப் போகிற வயர் ஓட்டுக்கு அடியில் தண்ணீரில் கிடந்தது தெரிந்தது. திருகாணியில் சுருக்கென்று அடித்ததும் அதுதான்.

எம்சிபி அடிக்கடி விழுகிறதென்று 16-ஐக் கழற்றி 32 போடச் சொல்வதும் உண்டு, நாமே சொல்வோம். பியூஸ் கட்டையில் காப்பர் கம்பியைத் தடிமனாகச் சுற்றிய அதே பழைய புத்திதான். வயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்கினால் அடுத்து உருகப்போவது சுவருக்குள் இருக்கிற வயர்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மினுக்மினுக்கென்று எரிந்தால் பல்பு கோளாறு என்று தூக்கிப்போடாதீர்கள். சுவிட்ச் பேஸ் வயரில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கலாம், அப்படியென்றால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும்.

கன்சீல்ட் வயரிங் மோகமும் பழைய வீட்டுக்கு ஆகாது. சுண்ணாம்புச் சுவரில் கட்டரை வைத்துக் காடி எடுத்தால் கை அகலம் என்பது முழ அகலமாகப் பெயர்ந்து வரும், ஈரமும் உள்ளே போகும். எங்கள் வீட்டில் பட்டாசலில் மட்டும் பைப்பைச் சுவருக்குள் விட்டோம், மற்ற இடமெல்லாம் வெளியே கேசிங் (வயரை மூடுகிற பிளாஸ்டிக் பட்டை). பார்க்க அவ்வளவு லட்சணம் இல்லைதான், ஆனால் நாளைக்கு ஒரு வயரை மாற்ற ஸ்குரூ டிரைவர் போதும். உள்ளே விட்ட இடத்தை, பூசுவதற்கு முன்னால் போட்டோ எடுத்து வையுங்கள், பின்னால் ஆணி அடிக்கும்போது புரியும்.

மீட்டருக்கு முன்னால் இருக்கிற பியூசும் சீலும் ஈபியுடையது, அதில் எந்த எலக்ட்ரீஷியனும் கை வைக்கக் கூடாது. "நானே பாத்து விடுறேன்" என்று அவர் சொன்னாலும் வேண்டாம், லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிற வீடென்றால் ஆள் வந்ததும் முதல் வேலையாக அதைச் சொல்லிவிடுங்கள். மெயினை அணைத்தாலும் அந்த லைனில் 230 வோல்ட் உயிரோடு இருக்கும், பழைய வீட்டில் எந்த லைன் இன்வெர்ட்டரில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

பணத்தில் கடைசி ஒரு பங்கை, மெக்கர் ரீடிங்கும் எர்த் ரீடிங்கும் எழுதித் தருகிற வரை பிடித்து வையுங்கள். டிபி பாக்ஸில் ஒவ்வொரு எம்சிபிக்கும் எது எந்த அறை என்று தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். சேட்டன் மலையாளத்தில் எழுதி வைத்துவிட்டார், "அடுக்கள" என்பது மட்டும் அம்மாவுக்குச் சொல்லாமலே புரிந்தது, மற்றதற்கு நான் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினேன். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாசத்துக்கு ஒருமுறை அமுக்கி, கரண்ட் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனதை அம்மா பிடித்துக்கொண்டார். ஒன்றாம் தேதியானால் போதும், நான் மும்முரமாக கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற நேரம் பார்த்துப் போய் அமுக்குகிறார்.