எழுத்து வகுப்பு தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கும் (ஹோம்ஸ்கூல்) பிள்ளை 6-ம் வகுப்பு வயதைத் தொட்டதும் பல வீடுகளில் இந்தக் கவலை வந்துவிடுகிறது. கணக்கை நாமே சொல்லிக்கொடுத்துவிடலாம், அறிவியலுக்கு வீடியோக்கள் இருக்கின்றன, எழுதுவதை மட்டும் வெளியாள் யாராவது பார்த்தால் நல்லது. நாம் ஒரு வரியைச் சுட்டிக்காட்டினால் போதும், "நீங்க எப்பவும் குறைதான் சொல்றீங்கம்மா" என்று முகம் வாடிவிடும். கோவையில் இருந்துகொண்டு என் மகளுக்காக இரண்டு வருடங்களில் மூன்று ஆன்லைன் ஆங்கில எழுத்து வகுப்புகளில் பணம் கட்டியிருக்கிறேன். முதல் இரண்டில் பணத்தோடு அவளுடைய ஆர்வமும் கொஞ்சம் கரைந்தது. அந்த அனுபவத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, பாடத்திட்டத்தைப் பார்த்து மயங்குவது. 12 வாரத்தில் கதை, கட்டுரை, கடிதம், விவாதம், கவிதை என்று பட்டியல் நீளமாக இருந்தால் நிறையக் கிடைக்கும் என்று தோன்றும். வாரம் ஒரு வடிவம் என்று ஓடினால் எழுதியதைத் திருத்தி எழுத நேரமே இருக்காது. பிள்ளைகள் எழுத்தைக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது முறை எழுதும்போதுதான். நாம் கட்டணம் கட்டுவதும் அதற்காகத்தான்: பொறுமையுள்ள ஒரு பெரியவர் நம் பிள்ளையின் பக்கத்தை உட்கார்ந்து படித்து, ஒரு கேள்வி கேட்டு, மறுபடி எழுத வைக்க வேண்டும். மற்றதெல்லாம் புத்தகத்திலேயே கிடைக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பொள்ளாச்சியில் அம்மிச்சி வீட்டில், அதாவது என் அம்மா வீட்டில், ஒரு மழை இரவில் கரண்ட் போனதைப் பற்றி என் மகள் எழுதினாள். ரொம்ப இருட்டாக இருந்தது, எல்லோரும் ரொம்பப் பயந்தோம், அப்புறம் கரண்ட் வந்தது, அது மறக்க முடியாத நாள். இதுதான் சாரம். முதல் வகுப்பில் அதற்குக் கிடைத்தது இரண்டு காற்புள்ளிகள், ஒரு எழுத்துப்பிழைத் திருத்தம், கீழே "குட் ஜாப்!". அவள் நோட்டை மூடிவிட்டாள். அதற்கு மேல் செய்ய அதில் ஒன்றும் இல்லையே.

ஒரு வருடம் கழித்து அதே பத்தியை மூன்றாவது வகுப்பின் ஆசிரியரிடம் கொடுத்தாள். அவர் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை. "பயந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த நேரத்தில் உன் கைகள் எங்கே இருந்தன?" என்று மட்டும் ஓரத்தில் எழுதியிருந்தார். அவள் ஊஞ்சலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு எழுதினாள்: அம்மிச்சியின் முந்தானையைப் பிடித்திருந்தேன், அது ஈரமாக இருந்தது, அப்போதுதான் அவர் பாத்திரம் கழுவிவிட்டு வந்திருந்தார். 'ரொம்பப் பயந்தோம்' என்ற வரியை யாரும் சொல்லாமல் அவளே அடித்துவிட்டாள். அந்த ஆசிரியர் அமெரிக்கர். 'கரண்ட் வந்தது' என்பதைப் பார்த்து, "என் ஊரில் இதைப் படிப்பவர் ஆற்று நீரோட்டம் என்று நினைத்துக்கொள்ளலாம், என்ன செய்யலாம்?" என்று கேட்டார். தப்பு என்று சொல்லவில்லை. எழுத்து யாருக்குப் போய்ச் சேருகிறது என்று அன்றுதான் அவள் முதல்முறையாக யோசித்தாள்.

அதனால் சேர்ப்பதற்கு முன் ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள்: ஒரு பிள்ளையின் முதல் வரைவு, நீங்கள் எழுதிய குறிப்பு, அந்தப் பிள்ளை திருத்தி எழுதிய வரைவு, மூன்றையும் பெயரை மறைத்துக் காட்ட முடியுமா? மாதிரி வகுப்பைவிட இது அதிகம் சொல்லிவிடும். இலவச மாதிரி வகுப்பில் எல்லோருமே உற்சாகமாகத்தான் பேசுவார்கள். ஜூமில் நன்றாகப் பேசும் ஆசிரியருக்கு எழுத்தைப் படிக்கவும் நேரம் இருக்கும் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. ஒரு பிரிவில் எத்தனை பேர், ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிரிவுகள் என்று இரண்டையும் கேளுங்கள். ஒரு பிரிவில் 8 பேர்தான் என்பார்கள். அவருக்கு அப்படி 10 பிரிவுகள் இருந்தால் வாரம் 80 பக்கம் படிக்க வேண்டும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. திருத்துவது மனிதரா, மென்பொருளா? இதைக் கேட்கச் சங்கடப்பட வேண்டாம். குறிப்பு வந்ததும் நம் பிள்ளை எழுதிய ஏதாவது ஒரு பொருள், ஒரு இடம், ஒரு ஆள் அதில் வருகிறதா என்று பாருங்கள். எந்தப் பிள்ளைக்கும் பொருந்துகிற பாராட்டாக இருந்தால், யார் எழுதியிருந்தாலும் அதனால் பயன் குறைவுதான்.

அடுத்தது அவசரம். 11 வயதிலேயே தேர்வுக்கான கட்டுரை வடிவத்தில் பிள்ளையை உட்கார வைத்துவிடுகிறோம். அமெரிக்க வகுப்புகள் பலவற்றில் முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை என்ற ஐந்து பத்திக் கட்டுரைதான் மையம். அதைக் கற்பதில் தவறில்லை. ஆனால் நம் பிள்ளைகள் போகும் வழியையும் பார்க்க வேண்டும். தேசிய திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்ஐஓஎஸ்ஸில், 10-ம் வகுப்புத் தேர்வுக்குப் பதிய 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். 10-ம் வகுப்பு அளவிலான பன்னாட்டுத் தேர்வான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இயைத் தனித்தேர்வராக எழுதுகிறவர்கள் முதல்மொழி ஆங்கிலம் எடுத்தால், எழுத்துத் தாளில் 350 முதல் 450 சொற்களில் ஒரு வர்ணனையோ கதையோ எழுத வேண்டும். ஐந்து பத்தி வடிவம் அங்கே கைகொடுக்காது. 11-லிருந்து 13 வரை தேர்வு நெருக்கடி இல்லாத வருடங்கள் நம் கையில் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத வருடங்கள் இவை. பார்த்ததை எழுதுவது, கேட்டதைச் சுருக்கிச் சொல்வது, ஒரு கருத்துக்குக் காரணம் காட்டுவது என்று நிதானமாகப் போகலாம். அப்படிப் போகும் வகுப்பையே தேடுங்கள்.

வயதையோ வாசிப்பையோ மட்டும் பார்த்து வகுப்பு நிலையைத் தேர்ந்தெடுப்பதும் இதோடு சேர்ந்ததுதான். வீட்டில் படிக்கும் பிள்ளை வாசிப்பில் 9-ம் வகுப்பு அளவிலும் எழுதுவதில் 4-ம் வகுப்பு அளவிலும் இருப்பது சாதாரணம். தடித்தடியான நாவல் படிக்கிறாளே என்று பெரிய பிள்ளைகளின் பிரிவில் போட்டுவிட்டு, பிறகு அவள் ஒரு பத்தி எழுதத் திணறுவதைப் பார்த்துக் கோபப்படுகிறோம். ஒரு எழுத்து மாதிரியைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு நிலை சொல்லும் ஆசிரியரை நம்பலாம். பிறந்த தேதியை மட்டும் கேட்பவரிடம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தட்டச்சையும் நாம் மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு எழுத்தாக விசையைத் தேடும் பிள்ளைக்கு, மனதில் வந்த வாக்கியம் பாதியிலேயே மறந்துபோகும். அதை எழுத்தில் ஆர்வமில்லை என்று எடுத்துக்கொண்டால் பாவம். சேர்ப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே தினமும் 15 நிமிடம் தட்டச்சுப் பழகட்டும். இல்லையென்றால் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்ப அனுமதி உண்டா என்று கேளுங்கள். எழுத்துகளைக் கோப்பதிலேயே தொடர்ந்து சிரமப்படும் பிள்ளை என்றால் எழுத்து வகுப்பு பிறகு இருக்கட்டும். டிஸ்லெக்சியா (வாசிப்புச் சிரமம்), டிஸ்கிராஃபியா (எழுதும் சிரமம்) பற்றித் தெரிந்த சிறப்புக் கல்வியாளரிடம் முதலில் காட்டிவிடுங்கள்.

நேரக் கணக்கு. இதில் நான் நன்றாக அடிபட்டேன். அமெரிக்காவில் ஹோம்ஸ்கூல் பிள்ளைகளுக்கான வகுப்புகளைப் பகலிலேயே வைப்பார்கள், அங்கே அந்தப் பிள்ளைகள் பகலில் வீட்டில்தானே இருக்கிறார்கள். நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் அங்கே கோடையாக இருக்கும்போது நமக்கு இரவு 7.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைத்ததும் அதே வகுப்பு நமக்கு 8.30 ஆகிவிடும். கலிஃபோர்னியாவில் காலை 10 என்றால் கோடையிலேயே இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. தூக்கக் கண்ணோடு இருக்கும் பிள்ளையிடம் எந்த ஆசிரியரும் எதுவும் வாங்க முடியாது. லண்டனில் காலை 10 மணி நமக்குப் பிற்பகல் 2.30 அல்லது 3.30, அது பரவாயில்லை. நேரலையே இல்லாமல், எழுதி அனுப்பிக் குறிப்பு வாங்கும் வகுப்புகளும் உண்டு. பேச்சு குறைவான, தனியாக யோசிக்கப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு அவை நன்றாகவே பொருந்துகின்றன. குறிப்பு எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து வந்தால் பிள்ளைக்கு எழுதியதே மறந்திருக்கும்.

பணம் பற்றிச் சுருக்கமாக: வருடம் முழுவதற்கும் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். ஒரு பருவத்துக்கு மட்டும் கட்டுங்கள். டாலர் என்றால் வங்கி அட்டையின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், விலகினால் எந்தத் தேதிவரை பணம் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அனுப்புவதற்கு முன் பிள்ளையின் எழுத்தை நாமே சரிசெய்துவிடுவது. நான் மாதக்கணக்கில் செய்தேன். ஒரு வினைச்சொல்லை மாற்றுவேன், இரண்டு வாக்கியத்தைச் சேர்ப்பேன், நல்ல பெயர் வாங்கட்டுமே என்ற எண்ணம்தான். ஒரு நாள் அந்த மூன்றாவது ஆசிரியர் எனக்குத் தனியாக எழுதினார். கூகுள் டாக்ஸின் திருத்த வரலாற்றில் இரண்டு கணக்குகள் தெரிகின்றன என்றும், தனக்கு அவளுடைய பிழைகள்தான் வேண்டும் என்றும், அவை இல்லாவிட்டால் அடுத்து எதைச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியாது என்றும் மரியாதையாகச் சொல்லியிருந்தார். இரண்டாவது வகுப்பு அவளுக்கு ஏன் பயன்படவில்லை என்பதற்கும் ஒரு காரணம் அப்போது புரிந்தது. அங்கே திருத்தப்பட்டது பாதி என் எழுத்துதான்.

இப்போது அவள் எழுதும்போது நான் சமையலறையில் இருக்கிறேன். ஆசிரியரின் குறிப்போடு பக்கம் திரும்பி வந்த பிறகு, "வாம்மா, படிச்சுக் காட்டறேன்" என்று அவளே கூப்பிடுகிறாள்.