அடர்த்திக்கு ஆசைப்பட்டு ஆக்சிஜனைக் கோட்டை விடாதீர்கள்: ஒய்பிசிஓ வில்லை சுடும்போது நடக்கும் தவறுகள்

இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடை ஆய்வகங்களில் ஒய்பிசிஓ என்பார்கள். 1987-இல் கண்டறியப்பட்ட இந்தப் பீங்கான் சுமார் 92 கெல்வினிலேயே மீக்கடத்தியாகிவிடும், அதாவது மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும். திரவ நைட்ரஜனின் 77 கெல்வின் குளிர் தாராளம். பொடியைக் கலந்து, அரைத்து, வட்ட வில்லையாக அழுத்தி, சுட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும்.

தராசிலேயே சறுக்குபவர்கள் உண்டு. ஒய்பிசிஓவில் இட்ரியம், பேரியம், காப்பர் அணுக்கள் 1:2:3 விகிதத்தில் இருக்கும்; இட்ரியம் ஆக்சைடில் இரண்டு இட்ரியம் அணுக்கள் இருப்பதை மறந்து, மூன்று பொடிகளையும் 1:2:3 மோல் என்று எடுத்துவிடுவார்கள். 1.13 கிராம் இட்ரியம் ஆக்சைடுக்கு 3.95 கிராம் பேரியம் கார்பனேட், 2.39 கிராம் காப்பர் ஆக்சைடு என்பதே சரி. (பேரியம் கார்பனேட் நஞ்சு; கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.) இட்ரியம் மிஞ்சினால் கறுப்பு வில்லையில் பச்சை தட்டும். அது இட்ரியம், பேரியம், காப்பர் 2:1:1 விகிதத்தில் உள்ள, மீக்கடத்தாத 211 சேர்மம்.

பேரியம் கார்பனேட் அவ்வளவு சுலபமாகக் கரியமில வாயுவை விடாது. 900 முதல் 950 டிகிரி செல்சியஸில் சுட்டு, ஆறவைத்து, கல்வத்தில் அரைத்து, இரண்டு மூன்று தடவை திரும்பச் சுட வேண்டும். அவசரப்பட்டால் மிச்சக் கார்பனேட் மணிகளின் (பீங்கானில் உள்ள நுண்படிகங்களின்) எல்லையில் தங்கி மின்னோட்டத்தை மறிக்கும்.

பெரிய தவறு அடர்த்தி மீதான பேராசைதான். கெட்டியாகட்டும் என்று சூட்டை ஏற்றிக்கொண்டே போனால், காற்றில் சுமார் 1010 டிகிரியைத் தாண்டியதும் பொருளே 211 ஆகவும் திரவமாகவும் பிரிந்துவிடும். உருக்கி, மிக மெதுவாகக் குளிர்வித்துப் பெரிய படிகம் வளர்ப்பவர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். சாதாரண வில்லைக்கு அது நாசம். சரி, அந்த எல்லைக்குள்ளேயே நன்றாகக் கெட்டியாக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். நுண்துளைகள் மூடிக்கொண்டதால் இப்போது ஆக்சிஜன் உள்ளே போக வழியில்லை! சூட்டில் இழந்த ஆக்சிஜன் திரும்பச் சேராவிட்டால் மீக்கடத்தல் மங்கிவிடும், இல்லாமலேகூடப் போகும். ஆக்சிஜன் ஓட்டத்தில் மெல்லக் குளிரவிட்டு, 400 முதல் 500 டிகிரியில் பல மணி நேரம் வைத்திருங்கள். கெட்டி வில்லைக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். சூடாக வெளியே இழுத்த வில்லை பார்க்க அழகாக இருக்கும், திரவ நைட்ரஜனில் குளிர்வித்தாலும் காந்தத்தை அந்தரத்தில் தூக்காது. அதற்குக் கொஞ்சம் துளையுள்ள வில்லையே மேல் என்பேன்.

வில்லையை அலுமினா தட்டில் நேரடியாக வைத்தால் அலுமினியம் ஏறிவிடும். அதே பொடியைப் பரப்பி அதன்மேல் வையுங்கள்.

அடர்த்தி அளக்கத் தண்ணீரில் முக்காதீர்கள். ஒய்பிசிஓ தண்ணீரோடு வினைபுரிந்து சிதையும். எத்தனால் போதும். திரவ நைட்ரஜன் சோதனைக்குப் பிறகு மேலே படியும் பனியையும் உடனே உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள்.