ஒன்பதாம் வகுப்பில் தினம் ஏழு நிமிடம்: பிள்ளைகளை ஒன்றுசேர்க்க ஓர் எழுத்துப் பயிற்சி

குடியாத்தம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். எங்களுக்கு ஒன்பதாம் வகுப்பில்தான் பல ஊர் நடுநிலைப்பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேருவார்கள். ஜூன் மாதம் பார்த்தால் ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் ஒரு பக்கம், உருது பேசுகிறவர்கள் ஒரு பக்கம். ஒரு வருடம் காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகும் பின் பெஞ்சுப் பையனின் பெயர் தெரியாத பிள்ளைகள் இருந்தார்கள். அது எனக்கு மிகவும் உறுத்தியது. அதற்காகத் தொடங்கிய பழக்கம் இது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இப்படிச் செய்து பாருங்கள்.

1. நோட்டு

ஆளுக்கொரு கோடு போட்ட நோட்டு போதும். தனித்தாள் வேண்டவே வேண்டாம். மின்விசிறிக் காற்றில் பறந்து யார் கையிலாவது சிக்கிவிடும். நோட்டுகள் வகுப்பு அலமாரியில் இருக்கட்டும், சாவி உங்களிடம். உங்கள் கையில் பென்சில் மட்டும். ர, ற பிழையைத் திருத்தக் கட்டுரை நோட்டு இருக்கிறது. இந்த நோட்டின் பக்கம் சிவப்பு மை வரக்கூடாது.

2. தலைப்பு

முதல் வருடம் ‘என் அப்பா’ என்று கொடுத்தேன். ஒரு பையன் தேதியை மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடினான். அவனுக்கு அப்பா இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் இருக்கிற ஒன்றைத்தான் தலைப்பாகக் கொடுக்கிறேன்.

நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஜூனில் முதல் தலைப்பு எப்போதும் ‘வெயில்’. மத்தியானம் கரண்ட் போனால் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? ஒருத்தி ஷீட் கூரைமேல் ஈரச்சாக்கு விரிப்பதை எழுதினாள். இன்னொருத்தி, தாத்தாவின் குழித்தறிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் மண் சில்லென்று இருக்கும், லுங்கி நூலின் கஞ்சி வாசம் வரும் என்று எழுதினாள். அதை அவள் வாசித்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், “எங்க வீட்லயும் குழித்தறிதான் மிஸ்” என்றான். அதுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

‘தண்ணீர்’ என்ற தலைப்பும் நன்றாகப் போகும். வறண்ட பாலாற்றையே பார்த்து வளர்ந்தவர்கள் 2021 நவம்பர் வெள்ளத்தைப் பற்றி நிறைய எழுதுவார்கள். ஆனால் அந்த வெள்ளத்தில் வீடு இழந்த பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால் அந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள்.

3. எழுதுவது

மணி அடித்ததும் ஏழு நிமிடம். நானும் அவர்களோடு உட்கார்ந்து எழுதுவேன், முதலில் நானே வாசிப்பேன். தன்னைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாத ஆசிரியரிடம் பிள்ளை எதற்காகச் சொல்ல வேண்டும்?

4. வாசிப்பது

இந்த இடத்தில்தான் நான் பெரிய தவறு செய்தேன். ஒரு பெண் தன் அம்மா பீடி சுற்றுவதைப் பற்றி எழுதியிருந்தாள். இலையை நறுக்கும் கத்தரியின் சத்தம் நின்றால்தான் தனக்குத் தூக்கம் வரும் என்று ஒரு வரி. அந்த வரி எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. அவளைக் கேட்காமல், பெயர் சொல்லாமல், வகுப்பில் உரக்கப் படித்தேன். பெயர் சொல்லாவிட்டால் என்ன, அவள் தலை குனிந்ததைப் பார்த்து எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த மூன்று வாரமும் அவள் நோட்டில் ‘இன்று மழை’, ‘இன்று மழை இல்லை’ என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்றாள். ஆனால் பழையபடி எழுத அரையாண்டு வரை ஆனது.

இப்போது எழுதி முடித்ததும் பக்கத்தின் மேல் மூலையில் ஒவ்வொருவரும் ஒரு குறி போட வேண்டும். வட்டம் போட்டால் வகுப்பில் வாசிக்கலாம். பெருக்கல் குறி போட்டால் மிஸ் மட்டும் படிக்கலாம். பக்கத்தை மடித்துவிட்டால் நானும் படிக்க மாட்டேன். வட்டம் போட்டவர்கள்கூடக் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது. முதல் மாதம் பாதிப் பக்கங்கள் மடிந்தே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பவர்கள் கைதட்ட வேண்டாம். தட்டினால் யாருக்கு அதிகம் என்று ஒப்பிடுவார்கள். மனதில் நின்ற ஒரு சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னால் போதும். “சாக்கு” என்றான் ஒருவன். “கஞ்சி வாசம்” என்றாள் ஒருத்தி.

பின்சேர்க்கை 1: வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் திணறுகிறார்களே என்று பேரணாம்பட்டிலிருந்து ஓர் ஆசிரியர் கருத்துப்பெட்டியில் கேட்டிருந்தார். வீட்டுச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதவிடுங்கள். என் மாணவன் ஒருவன் அப்பாவைத் தெலுங்கில் சொல்கிறபடி ‘நாயனா’ என்றே எழுதினான். அப்படியென்றால் என்ன என்று மற்றவர்கள் கேட்க, அன்றுதான் அவன் வகுப்பில் வாய் திறந்து பேசினான்.

பின்சேர்க்கை 2: இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். யாராவது தன்னைத் துன்புறுத்துவதாகப் பிள்ளை எழுதினால் நாம் சும்மா இருக்க முடியாது. பாலியல் குற்றமாக இருந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைப் புகாராகத் தெரிவிப்பது நம் கடமை. “உனக்கு ஆபத்து என்றால் உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை நோட்டின் உள் அட்டையில் எழுத வையுங்கள்.

பின்சேர்க்கை 3: ஐம்பது நோட்டை எப்போது படிப்பது என்று பலர் கேட்கிறீர்கள். நான் நாளுக்கு ஒரு வரிசை படிக்கிறேன். மதிப்பெண் கிடையாது, ‘நன்று’ கிடையாது. பென்சிலால் ஒரே ஒரு கேள்வி. குழித்தறிப் பிள்ளையிடம், “தாத்தா ஒரு லுங்கி நெய்ய எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டிருந்தேன். மறுநாள் அவள் தாத்தாவையும் கேட்டு, பின் வரிசைப் பையனின் வீட்டிலும் விசாரித்து, இரண்டு பதில்களை எழுதி வந்தாள்.